எந்தக் கரைசல் என்று கேட்பதற்கு முன்னால்

உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தாம்பரம் பக்கம் சொந்த வீடு, 600 சதுர அடி மொட்டை மாடி. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், மாதத்துக்கு ஒரு முறை மூன்று நாள் ஊருக்குப் போவீர்கள். போன வருடம் மார்ச்சில் தக்காளி நாற்று வைத்தீர்கள். செடி இடுப்பு உயரம் வளர்ந்தது, நிறையப் பூத்தது, பூவெல்லாம் கொட்டியது. கடைசியில் இரண்டு செடி இலை பச்சையாக இருக்கும்போதே வாடிச் செத்தன. இந்த மே மாதம் 40 பை வாங்கி, ஒரு சொட்டு ரசாயனம் இல்லாமல் தக்காளி, குடைமிளகாய், கேரட், காலிஃபிளவர் போடத் திட்டம். பஞ்சகவ்யா (சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்க வைத்தது), மீன் அமிலம் (மீனும் வெல்லமும் ஊறியது), ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கலந்தது), 3ஜி கரைசல் (இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்தது), தேமோர் கரைசல் (தேங்காய்ப்பாலும் மோரும் புளித்தது) என்று பட்டியல் போட்டு, எதை எந்தக் கிழமை எவ்வளவு விடுவது என்று அட்டவணை கேட்கிறீர்கள். அட்டவணை எழுதித் தருவது சுலபம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று தோன்றுகிறது: போன தடவை ஏன் போச்சு, இந்தத் தடவை பணத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் எதில் போட்டால் வீணாகாது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

தோட்டக்கலை படித்துவிட்டு நாற்றுப்பண்ணையில் வேலை பார்த்தேன். அப்புறம் சொந்த மாடியும் தெரிந்தவர்களின் மாடிகளும்தான் என் வயல். ஆகவே நான் சொல்வது சென்னையிலிருந்து கடலூர் வரை உள்ள கடலோர வெயிலுக்கும் மழைக்கும் பொருந்தும். ஓசூர்க்காரர்களும் கோவைக்காரர்களும் மாதங்களைக் கொஞ்சம் முன்பின் நகர்த்திக்கொள்ள வேண்டும். ஊட்டி, கொடைக்கானலில் இருந்து யாராவது இதைப் படித்தால், பருவம் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டு மண் பற்றிச் சொல்வதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பூ கொட்டியதில் ஆரம்பிக்கலாம், அதில் சந்தேகம் அதிகம் இல்லை. தக்காளியின் மகரந்தம் வெப்பம் தாங்காது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் செடி பூக்கும், ஆனால் காய் பிடிக்காது. பூக்காம்பில் ஒரு முட்டி மாதிரி இருக்குமே, அங்கே மஞ்சளாகி உதிர்ந்துவிடும். சென்னையில் மே மாத இரவே 27, 28 டிகிரி. மார்ச்சில் வைத்த நாற்று பூக்கிற சமயம் கத்திரி வெயில் வாசலில் வந்து நின்றுவிட்டது. தேமோர் கரைசல் அடித்தும் பலனில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். எதை அடித்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். இங்கே தக்காளிக்கு நல்ல காலம் மழை ஓய்ந்த பிறகு. நவம்பர் கடைசியில், மழை படாத இடத்தில் விதை போட்டு, டிசம்பர் கடைசியில் நாற்றைப் பைக்கு மாற்றினால் பிப்ரவரி, மார்ச்சில் பறிக்கலாம். உங்கள் பட்டியலில் உள்ள குடைமிளகாயும் கேரட்டும் காலிஃபிளவரும் குளிர் கேட்கிற பயிர்கள். குளிர்மாதங்களில் மாடியில் சுண்டுவிரல் அளவு கேரட் எடுப்பவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல் வருடம் அந்த மூன்றையும் விட்டுவிடுங்கள்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது மாடிக்கும் பொருந்தும். ஆடியில் விதைத்த வெண்டையும் கத்தரியும் கொடிக்காய்களும் ஐப்பசி அடைமழைக்குள் ஒரு சுற்றாவது காய்த்துக் கொடுத்துவிடும். அடைமழையில் பையிலிருக்கும் சத்து அடித்துளை வழியாக வழிந்துபோகும், வேர் மூச்சுத் திணறும். அந்த இரண்டு மாதம் புதிதாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம். அடுத்த ஆரம்பம் தைப்பட்டம். இதில் அவரை மட்டும் ஒரு தனிப்பிறவி. நாட்டு அவரைக் கொடி, பகல் பொழுது குறையும்போதுதான் பூக்கும். தையில் விதைத்துவிட்டு, பந்தல் நிறைய இலை இருந்தும் ஒரு பூ இல்லையே என்று உரம் உரமாகக் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே விதையை ஆடியில் போட்டால் கார்த்திகைக்கு மேல் கொத்துக்கொத்தாகக் காய்க்கும்.

சரி, செடி ஏன் பச்சையாகவே வாடிச் செத்தது? இதை எழுத்தில் படித்து உறுதியாகச் சொல்ல முடியாது. சந்தேகப்பட வேண்டியவர்கள் மூன்று பேர். முதல் ஆள் நீர் தேங்கி வேர் அழுகுவது. செடியைப் பிடுங்கினால் வேர் பழுப்பாக, வழவழவென்று இருக்கும், மேல்தோல் கையோடு உருவிக்கொண்டு வரும், நாற்றம் அடிக்கும். இரண்டாவது பாக்டீரியா வாடல். தண்டை அடியில் வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை தண்ணீரில் தொடும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல ஒரு வெள்ளை இழை கீழே இறங்கினால் அதுதான். மூன்றாவது நூற்புழு, வேருக்குள் புகுந்து வாழும், கண்ணுக்குத் தெரியாத புழு. வேரைக் கழுவிப் பார்த்தால் மணிமணியாக முடிச்சு தெரியும். பாக்டீரியா வாடலுக்கு மருந்து கிடையாது, இயற்கையிலும் இல்லை, ரசாயனத்திலும் இல்லை. அந்தப் பை மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் இனி வைக்கக் கூடாது, கீரை போடலாம். நூற்புழு மண்ணுக்கு ஒரு வழி இருக்கிறது, அதற்கு இந்த மே மாத வெயில் கச்சிதமானது. மண்ணை மாடியில் அரை அடிக்கு மேல் போகாமல் பரப்பி, நன்றாக நனைத்து, கண்ணாடி போன்ற பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களைக் காற்று போகாமல் அழுத்தி, நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிடுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம், தெளிவான தாளுக்குக் கீழேதான் சூடு அதிகம் ஏறும். போன வருட மண் இன்னும் மூலையில் கிடந்தால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். காய் காய்க்கிற செடிக்கு நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும், கீரைக்கு மூன்று நான்கு மணி போதும். தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்து அடுக்குமாடியின் நிழலும் மாதத்துக்கு மாதம் நகரும் என்பதால், பை வைக்கும் முன் ஒரு விடுமுறை நாளில் காலை, மதியம், சாயங்காலம் மூன்று தடவை மேலே போய்ப் பாருங்கள். எடை விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 12 அங்குல அகலம், 12 அங்குல உயரமுள்ள பை சுமார் 22 லிட்டர் கொள்ளும். செம்மண் கலவை நனைந்தால் ஒரு பை 25 கிலோவை எட்டும். ஆள் நடமாடுகிற மொட்டை மாடிக்கு இந்தியக் கட்டுமானத் தரவிதி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ பாரத்தைக் கணக்கில் எடுக்கிறது. 40 பையையும் நடுமாடியில் நெருக்கி அடுக்காமல், கீழே சுவரும் பீமும் போகிற ஓரங்களில் வரிசையாக வையுங்கள். மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தாலோ, கூரையில் ஏற்கெனவே விரிசலும் கசிவும் இருந்தாலோ, என்னைப் போன்ற செடிக்காரர்களைக் கேட்காதீர்கள். கட்டடப் பொறியாளர் ஒருவரை வரவழைத்துக் காட்டுங்கள். பைக்கு அடியில் செங்கல்லோ ஸ்டாண்டோ வைத்துத் தரையிலிருந்து இரண்டு அங்குலமாவது தூக்கி வைத்தால் தரை காயும், வேரும் தளத்தில் இறங்காது.

இப்போது மண். என்னைக் கேட்டால் உங்கள் பணத்தில் பாதி இங்கேதான் போக வேண்டும். மாடித் தோட்டத்தில் தோற்றவர்களின் பையைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் வெறும் கோகோபீட்தான், அதாவது தேங்காய் நார்த் தூள்தான், இருக்கும். கோகோபீட் ஈரம் பிடித்து வைக்கும், எடை குறைவு, அவ்வளவுதான். அதில் செடிக்குச் சாப்பாடு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கழுவாத கட்டியாக இருந்தால் உப்பு வேறு இருக்கும். 5 கிலோ கட்டி நனைந்தால் சுமார் 70 லிட்டராக ஊதும். அதைப் பெரிய டப்பில் ஊறவைத்து, பிழிந்து, மறுபடி நல்ல தண்ணீர் விட்டுப் பிழிந்து, டீ டிக்காஷன் மாதிரி வருகிற தண்ணீர் வெளுக்கும்வரை மூன்று தடவையாவது செய்யுங்கள். இன்னொரு தந்திரமும் அதற்கு உண்டு: மேல்பக்கம் காய்ந்து வெளுத்து நிற்கும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். மேலே பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகுவது இப்படித்தான். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். விரல் நுனியில் ஈரமண் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் தேவையில்லை.

நான் போடும் கலவை செம்மண் ஒரு பங்கு, கழுவிய கோகோபீட் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. ஒரு பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. மண் களிமண்ணாக இருந்தால் கொஞ்சம் ஆற்று மணல் அல்லது எம்-சாண்ட். கலந்து, ஈரமாக நிழலில் பத்து நாள் கிடக்க விட்டுத்தான் நடுவது, ஏனென்றால் புண்ணாக்கு மக்கும்போது வரும் சூடு இளம் வேரைச் சுட்டுவிடும். தொழு உரம் வாங்கும்போது மூக்கை நம்புங்கள். மழை பெய்த மண் வாசனை வந்தால் மக்கியிருக்கிறது. சாணி நாற்றமோ அமோனியா நெடியோ வந்தால் இன்னும் இல்லை. தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித் தோட்டத் தளைகளில் (கிட்) டிரைக்கோடெர்மா, அசோஸ்பைரில்லம் மாதிரி நுண்ணுயிர் பாக்கெட்டுகள் வரும். நல்ல பொருள்தான், நாற்றழுகலைக் குறைக்க டிரைக்கோடெர்மா உதவும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவை உயிருள்ளவை. காலாவதித் தேதி பாருங்கள், வெயில் அடிக்கும் கடை அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட்டில் வெறும் பொடிதான் மிஞ்சும்.

தண்ணீரில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். வந்த தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் அதில்தான் குவிந்திருக்கிறது. தாம்பரம் பக்கத்துப் போர் தண்ணீர் பல தெருக்களில் ஏற்கெனவே கடினத் தண்ணீர். நிலத்தில் ஊற்றினால் மழை கழுவிக்கொண்டு போகும். 22 லிட்டர் பையில் உப்பு தங்கி, இலை ஓரம் கருகும். வேண்டுமானால் அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது, அதைத் தாராளமாக விடலாம்.

சாப்பாட்டுக் கணக்கு புரிந்துவிட்டால் கரைசல் கணக்கு தானாகப் புரியும். மண்புழு உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்குதான். வேப்பம் புண்ணாக்கில் ஐந்து, கடலைப் புண்ணாக்கில் ஏழு அளவில் இருக்கும். அதனால்தான் கத்தரி, வெண்டை போன்ற பசிக்கார செடிகளுக்கு நட்ட முப்பதாம் நாளிலிருந்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து வேரில் விடச் சொல்வேன். மாதம் ஒரு முறை இரண்டு கைப்பிடி மக்கிய உரம் மேலே போட்டு லேசாகக் கிளறிவிடுங்கள். இது பஞ்சகவ்யாவை விடக் கவர்ச்சி குறைவு, ஆனால் செடி வளர்வது இதில்தான்.

பஞ்சகவ்யாவில் எனக்கு விரோதம் இல்லை. கொடுமுடி மருத்துவர் நடராஜன் அதைப் பயிருக்குக் கொண்டுவந்து பரப்பினார், வேளாண் பல்கலைக்கழகமும் 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி தெளிக்கச் சொல்கிறது. தெளித்த செடியில் பசுமை ஏறுவதை நானும் பார்க்கிறேன். ஆனால் அதிலுள்ள தழைச்சத்து மிகக் குறைவு, ஒருவர் தயாரிப்பதும் இன்னொருவர் தயாரிப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. மண்ணில் உரம் இல்லாத பைக்கு அது ஈடு செய்யாது. மீன் அமிலத்தில் தழைச்சத்து நிஜமாகவே உண்டு, லிட்டருக்கு 5 மில்லிக்கு மேல் போகாதீர்கள். தெருவின் பூனைகள் மாடி ஏறும் என்பதற்குத் தயாராக இருங்கள். தேமோர் கரைசல் பூவைப் பிடித்து வைக்கும் என்பது நிறைய பேரின் அனுபவம், நான் அதைச் சந்தேகப் பட்டியலில்தான் வைத்திருக்கிறேன், ஏனென்றால் வெயில் குறைகிற வாரமும் தெளித்த வாரமும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர், வெங்காயத் தோல் தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் கெடுதல் இல்லாதவை, பெரிய பலனும் இல்லாதவை. முட்டை ஓடு வேறு கதை. தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துக் குழி விழுந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். நம் போர் தண்ணீரிலேயே தேவைக்கு மேல் சுண்ணாம்பு இருக்கிறது. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளம் மாதிரி ஊற்றுவதால் அது காய்க்குப் போய்ச் சேர்வதில்லை, அவ்வளவுதான் கோளாறு. தண்ணீரைச் சீராக விட்டால் அடுத்த காய்கள் சரியாகிவிடும்.

கரைசல்களில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பச்சைச் சாணமும் கோமியமும் கலந்த எதையும், அது ஜீவாமிர்தமோ அமிர்தக் கரைசலோ, கீரையின் மேலும் கொத்தமல்லி, புதினாவின் மேலும் தெளிக்காதீர்கள். மாட்டின் குடலில் இருக்கும் கிருமிகளில் சில மனிதருக்கு வயிற்றுப்போக்கு தரும், நாலைந்து நாளில் பறித்துப் பச்சையாகச் சட்னி அரைப்பதை யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகளில், மக்காத சாணம் போட்டால் மண்ணைத் தொடும் விளைச்சலுக்கு 120 நாள், மற்றவற்றுக்கு 90 நாள் இடைவெளி வேண்டும் என்று இருக்கிறது. 25 நாளில் அறுக்கிற சிறுகீரைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. விதைக்கும் முன் மண்ணில் மக்கிய உரம் போட்டால் கீரைக்கு அதுவே போதும்.

பூச்சியைப் பொறுத்தவரை, தெளிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். மிளகாய் இலை சுருண்டிருக்கிறது என்று எல்லாரும் எழுதுவார்கள், எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. படகு மாதிரி மேல் நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கவிழ்த்து வைத்த மாதிரி கீழ் நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இலை சிறுத்து, நெருங்கி, செடியே கட்டையாகிவிட்டால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸாக இருக்கலாம். அது திரும்பாது, பிடுங்கிப் போட்டுவிட்டு மற்றச் செடிகளைக் காப்பாற்றுவதுதான் உத்தமம். வெண்டை இலையில் நரம்பு மட்டும் வலை பின்னியது போல மஞ்சளாவதும் இதே வெள்ளை ஈ கொண்டுவரும் நோய்தான்.

வேப்பெண்ணெய் வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை, ஆனால் தெளிக்கிற விதத்தில் தெளித்தால்தான். முதலில் லிட்டர் தண்ணீரில் காதி சோப்பைக் கொஞ்சம் சீவிக் கரைத்து, பிறகு 5 மில்லி எண்ணெயை விட்டுப் பால் மாதிரி ஆகும்வரை குலுக்க வேண்டும். எண்ணெய் தனியாக மிதந்தால் இலை கருகும். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும், ஏனென்றால் வேம்பின் மருந்துச் சத்து வெயிலில் சீக்கிரம் சிதைந்துபோகும். பூச்சி அன்றைக்கே செத்து விழாது, தின்பதையும் தோலுரிப்பதையும் நிறுத்தும். ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று தடவை. மாவுப்பூச்சி கொஞ்சமாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடலாம், கூடவே எறும்பையும் தடுக்க வேண்டும். அந்தப் பூச்சி சுரக்கிற இனிப்புக்காக எறும்புதான் அதற்குக் காவல் நிற்கிறது.

எல்லாவற்றையும் அடித்துக் கொல்வதற்கு நான் எதிரி. 2008-இல் கோவை பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடாமல் நாசம் செய்தது. மருந்து அடித்து ஓய்ந்தார்கள். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குளவியை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. உங்கள் மாடிக்கும் அப்படிப்பட்ட கூலியில்லா ஆட்கள் வருவார்கள். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிக் கூட்டத்தின் நடுவே சில மட்டும் பழுப்பாக, உப்பி, அசையாமல் இருந்தால் அவற்றுக்குள் ஒரு குளவிக் குஞ்சு வளர்கிறது, விட்டுவிடுங்கள். மாவுப்பூச்சிக்கு நடுவில் அதைவிடப் பெரிதாக, வெள்ளை இழைகளோடு வேகமாக நடக்கும் ஒன்றைப் பார்த்தால் அது பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சியைத் தின்ன வந்தது. நசுக்கிவிடாதீர்கள். செண்டுப் பூச் செடியை ஒவ்வொரு பைக்கும் பக்கத்தில் வைத்தால் பூச்சி வராது என்பார்கள். நெருக்கமாக வளர்த்தால் மண்ணில் நூற்புழு குறையும் என்பது நிஜம், பறக்கும் பூச்சியை விரட்டும் என்பதற்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன். தேனீ வரும், அதற்காக இரண்டு செடி வையுங்கள்.

விதை பற்றி ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். கடைப் பாக்கெட்டில் ஹைப்ரிட் என்று போட்டிருந்தால் அது மரபணு மாற்றிய விதை என்று நினைத்திருக்கிறீர்கள். இரண்டும் வேறு. மரபணு மாற்றிய கத்தரிக்கு 2010 பிப்ரவரியில் மத்திய அரசு தடை போட்டது, அது இன்னும் கடைக்கு வரவில்லை. ஹைப்ரிட் என்பது இரண்டு ரகங்களை இனக்கலப்பு செய்து எடுத்த விதை, அதிலிருந்து எடுத்த விதையைப் போட்டால் அடுத்த தலைமுறை பலவிதமாக வரும், அதுதான் அதன் குறை. விதை எடுத்து வைக்க ஆசை இருந்தால் நாட்டு ரகம் வாங்குங்கள். விதை ரோஸ், நீலம், பச்சை என்று சாயம் பூசியது போல இருந்தால் பூஞ்சைக்கொல்லி ஏற்றியது. இயற்கைத் தோட்டம் என்றால் ஏற்றாத விதையாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த மே மாதமே எதையாவது போடாமல் இருக்க முடியாது என்றால் வெண்டையும் கொத்தவரையும் வெயிலைத் தாங்கும், நிழல்வலைக்குக் கீழே தண்டங்கீரையும் பொன்னாங்கண்ணியும் வரும். 40 பை வேண்டாம், 12 பை. வெண்டையை இரவு ஊறவைத்து நேரே பையில் ஊன்றுங்கள், பைக்கு ஒரு செடி. 45 நாளில் காய்க்கும், அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். இருவருக்கு ஒரு பொரியல் ஆக வேண்டுமென்றால் எட்டுச் செடியாவது வேண்டும். இரண்டு செடி வைத்து, தினமும் இரண்டு காய் பறித்து ஃபிரிட்ஜில் சேர்ப்பதில் உற்சாகம் போய்விடும். இப்போதே மூடியில் துளை போட்ட இரண்டு பக்கெட்டில் சமையலறைக் கழிவும், அதைவிடக் கூடுதலாகக் காய்ந்த இலையும் மாற்றி மாற்றிப் போட்டு வாருங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காய்ந்த இலை இன்னும் சேருங்கள். ஆடிக்கு உங்கள் உரம் தயார். ஆடியில் கத்தரி, மிளகாய், அவரை, ஒரு பாகல், ஒரு பீர்க்கு என்று பையைக் கூட்டிக்கொள்ளலாம்.

பாகல், பீர்க்கு மாதிரிக் கொடிகளில் முதல் இரண்டு வாரம் ஆண் பூவாகவே வந்து உதிரும், பதறாதீர்கள். பெண் பூவின் கீழே குட்டிக் காய் ஒன்று இருக்கும். மாடியில் தேனீ குறைவாக இருந்தால் நீங்கள்தான் ஆண் பூவைப் பறித்து, இதழை மடித்து, பெண் பூவின் நடுவில் தொட்டுவிட வேண்டும். பாகலும் பூசணியும் அதிகாலையில் மலரும், பீர்க்கும் சுரையும் புடலையும் சாயங்காலம் மலரும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சாயங்காலக் கோஷ்டி வசதி, ஆபீஸ் விட்டு வந்து செய்யலாம். தக்காளி சிவக்க ஆரம்பித்ததும் அணில் வந்துவிடும். லேசாக நிறம் மாறும்போதே பறித்து வீட்டுக்குள் வைத்தால் நன்றாகப் பழுக்கும், ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை.

செலவு மிச்சமாகுமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் வருடம் ஆகாது. பை, மண், உரம், வலை எல்லாம் சேர்ந்த விலைக்குக் கோயம்பேட்டில் இதைவிட நிறையக் காய் வாங்கலாம். கீரை, கறிவேப்பிலை, மிளகாய், புதினா இவற்றில் மட்டும் சீக்கிரம் ஈடாகும்.

கடைசியாக ஊருக்குப் போகிற மூன்று நாள். மே மாதத்தில் வளர்ந்த வெண்டை 12 அங்குலப் பையில் ஒரு நாள் தண்ணீர் இல்லாவிட்டாலே தலை தொங்கும். மேல்மண்ணில் மூன்று விரல் கனத்துக்குக் காய்ந்த இலையோ கரும்புச் சக்கையோ போர்த்தி, பைகளை ஒன்றாக நகர்த்தி நிழலில் சேர்த்தால் குளிர்மாதங்களில் மூன்று நாள் தாங்கும், கோடையில் தாங்காது. அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போகிற யோசனை வேண்டாம். வேர் அழுகும், ஒரு வாரம் தங்கினால் டெங்கு கொசுவுக்கு அதுவே போதும். பக்கத்து வீட்டில் யாராவது வருவார்கள் என்றால், அந்த மூன்று நாள் வெண்டைக்காயும் அவர்களுக்கே என்று சொல்லிவிட்டுப் போங்கள், கட்டாயம் வருவார்கள். இல்லையென்றால் டைமர் வைத்த சொட்டுநீர்க் குழாய். அதை ஊருக்குக் கிளம்பும் அன்று முதல்முறையாக ஓடவிடாதீர்கள். ஒரு வாரம் முன்பே மாட்டி, தினமும் ஒவ்வொரு பையிலும் சொட்டு விழுகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் உங்கள் பகுதிப் போர் தண்ணீரின் உப்பு அந்தச் சின்னத் துளைகளை அடைத்துக்கொண்டே இருக்கும். அடைத்தால் துளைமுனைகளைக் கழற்றி இரவு முழுக்க வினிகரில் போட்டு வையுங்கள், சரியாகிவிடும்.